பாத்திமா: நம் பெண்மக்களின் முதற்பெயர்





நமது முஸ்லிம் பாடசாலைகளுள் ஏதேனும் ஒன்றில், ஏதேனும் ஒரு வகுப்பின் வரவுப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். மாணவிகளின் பெயர்களுக்கு முன்னால் எப். என்ற எழுத்து வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். தந்தையின் பெயரிலுள்ள முஹம்மதும் சேர்ந்துவிட்டால் அது எம்.எப். என்றாகிவிடும். அந்த எழுத்து எதைக் குறிக்கின்றது என்று கேட்டால், பிள்ளை உடனே பாத்திமா என்பாள். ஆனால் வீட்டில் உம்மாவோ வாப்பாவோ அவளை அப்பெயரால் அழைப்பதில்லை. ஆசிரியரும் அழைப்பதில்லை, தோழியரும் அழைப்பதில்லை. ஆண் பிள்ளைகளுக்கு முஹம்மத் என்பது எவ்வாறோ, அவ்வாறே பெண் பிள்ளைகளுக்குப் பாத்திமா என்பது நம் நாட்டில் பரக்கத்தை நாடி முன்னால் வைக்கப்படும் பெயராகிவிட்டது. நோக்கம் நல்லதே. எனினும், அதிகமான பெண்கள் தாங்கும் ஒரு பெயர், அதிகம் உச்சரிக்கப்படாத பெயராகவும் ஆகிவிட்டதை நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பா, தா, மீம் என்னும் மூன்று அரபு எழுத்துக்களை வேராகக் கொண்ட சொல் இது. வேர்ச்சொல்லின் பொருள் அறுத்தல், துண்டித்தல் என்பதாகும். கயிற்றை அறுப்பதற்கும் அரபிகள் இச்சொல்லைப் பயன்படுத்தினர். அதிலிருந்து, குழந்தையைத் தாய்ப்பாலிலிருந்து பிரிப்பதற்கு, அதாவது பால்குடி மறக்கச் செய்வதற்கு பிதாம் என்று பெயர் வந்தது. பாத்திமா என்றால் பால்குடி மறக்கச் செய்பவள். ஆயிஷா என்றால் வாழ்பவள் என்பதுபோல, இதுவும் செயலைச் செய்பவளைக் குறிக்கும் சொல்லமைப்பாகும். பிள்ளை பெற்று, இரண்டாண்டு பாலூட்டி, பின்னர் அதனைத் தன் காலில் நிற்கப் பழக்கும் தாயின் உறுதி இப்பெயருக்குள் இருக்கின்றது. ஒரு பெண் குழந்தை பிறந்தவுடனேயே, இவளும் வளர்ந்து தாயாகித் தன் பிள்ளைகளை வளர்த்தெடுப்பாள் என்ற நல்லெண்ணத்தோடு அரபிகள் இப்பெயரைச் சூட்டியிருக்கலாம்.

இன்னொரு விளக்கமும் நம் மக்களிடையே பரவியுள்ளது. அல்லாஹ் அவர்களை நரகத்திலிருந்து துண்டித்துவிட்டதால்தான் அப்பெயர் வந்தது என்பார்கள். கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும், அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் அறிவிப்பை ஹதீஸ்கலை அறிஞர்கள் ஏற்கவில்லை. மேலும், இப்பெயர் இஸ்லாத்தோடு பிறந்த பெயருமன்று. நபி (ஸல்) அவர்களின் தந்தை அப்துல்லாஹ்வைப் பெற்ற தாயின் பெயர் பாத்திமா பின்த் அம்ர். அன்னை கதீஜா (ரழி) அவர்களின் தாயாரும் ஒரு பாத்திமாவே. எனவே, நபியவர்களும் கதீஜா நாயகியும் தம் மகளுக்கு இப்பெயரைச் சூட்டியபோது, இரு குடும்பங்களிலும் ஏற்கெனவே பழகியிருந்த மூதாட்டிகளின் பெயரையே அவர்கள் சூட்டினார்கள் என்பதை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

மதீனாவிலோ இப்பெயருடையோர் ஒருவர் இருவர் அல்லர். ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு சம்பவம் வருகின்றது. தூமத்துல் ஜந்தல் என்ற இடத்தின் அதிபதி அனுப்பிய பட்டுத் துணியொன்றை நபி (ஸல்) அவர்கள் அலீ (ரழி) அவர்களிடம் கொடுத்து, அதனை முக்காடுகளாகக் கிழித்துப் பாத்திமாக்களிடையே பங்கிடுமாறு கூறினார்கள். பாத்திமாவின் பன்மையாக பவாத்திம் என்ற சொல்லே அந்த ஹதீஸில் வருகின்றது. தம் மகள் பாத்திமா, அலீயின் தாயார் பாத்திமா பின்த் அஸத், ஷஹீதான ஹம்ஸாவின் மகள் பாத்திமா ஆகிய மூவரையும் விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர். ஒரே குடும்ப வட்டத்துக்குள் மகள், மாமியார், அநாதையான உறவுப் பெண் என மூன்று பாத்திமாக்கள். அவர்களுள் பாத்திமா பின்த் அஸத் (ரழி), பாட்டனாரும் மறைந்தபின் அநாதையாக வந்த நபியவர்களைத் தம் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்த பெண்மணி என்பதை அனேகர் அறிவதில்லை.

இனி, நம்மில் பெரும்பாலோர் மனதில் வைத்துப் பெயரிடும் அந்தப் பாத்திமாவுக்கு வருவோம். அஸ்ஸஹ்ரா, அல்பதூல் என்ற சிறப்புப் பெயர்களால் அவர்களை நாம் புகழ்கின்றோம். மீலாத் மேடைகளில் கவிதை பாடுகின்றோம். ஆனால் ஸஹீஹான ஹதீஸ்களில் அவர்கள் எவ்வாறு தென்படுகின்றார்கள் என்று பாருங்கள். மக்காவில் கஃபாவின் அருகே நபியவர்கள் ஸுஜூதில் இருக்கும்போது, குறைஷியர் ஒட்டகத்தின் குடல் கழிவுகளை அன்னாரின் முதுகில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றனர். யாரும் அருகே செல்லத் துணியவில்லை. ஓடிவந்து அதனைத் தம் கைகளால் அகற்றி, அந்தத் தலைவர்களை நேருக்கு நேர் ஏசியவர் சிறுமியான பாத்திமா. ஹிஜ்ரி 3இல் உஹதுப் போரின்போது நபியவர்களின் முகத்தில் காயம் ஏற்பட்டது. அலீ கேடயத்தில் நீர் கொண்டுவந்து ஊற்ற, பாத்திமா கழுவினார். கழுவக் கழுவ இரத்தம் கூடுவதைக் கண்டதும், ஒரு பாய்த்துண்டை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் வைத்து இரத்தத்தை நிறுத்தினார். யாரிடமும் கேட்டு நிற்கவில்லை. அந்த நேரத்தில் தாம் அறிந்த வைத்தியத்தைச் செய்தார்.

திருமணமான பின்னர் மாவரைத்து அரைத்து அவர்களது கைகள் காய்த்துப்போயின. போர்க்கைதிகள் வந்துள்ளதாகக் கேள்வியுற்று, ஒரு பணியாளரைக் கேட்கச் சென்றார்கள். தந்தை வீட்டில் இல்லை. ஆயிஷா (ரழி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அன்றிரவு நபியவர்கள் மகளின் வீட்டுக்கு வந்து, படுத்திருந்த இருவருக்கும் நடுவில் அமர்ந்தார்கள். படுக்கைக்குச் செல்லும்போது ஸுப்ஹானல்லாஹ் 33 தடவையும், அல்ஹம்துலில்லாஹ் 33 தடவையும், அல்லாஹு அக்பர் 34 தடவையும் ஓதுவது பணியாளைவிடச் சிறந்தது என்று கற்பித்தார்கள். இன்று நாம் ஓதிவரும் அந்தத் தஸ்பீஹ் காய்த்துப்போன அந்தக் கைகளின் வழியாக நமக்குக் கிடைத்தது. இந்தச் சம்பவத்தைக் குறிப்பிட்டு, மனைவி உதவி கேட்கக்கூடாது என்று சிலர் பயான் செய்வதை நான் கேட்டதுண்டு. ஹதீஸ் அதைச் சொல்லவில்லை. மகள் கேட்டாள், தந்தை கோபிக்கவில்லை, இரவென்றும் பாராமல் எழுந்து வந்தார்.

அம்மகள் வீட்டுக்குள் நுழைந்தால் நபியவர்கள் எழுந்து நின்று, கையைப் பிடித்து முத்தமிட்டு, தாம் இருந்த இடத்தில் அமர்த்துவார்கள் என அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. பெற்றோர்களே, பெண் குழந்தை பிறந்தால் முகம் கறுக்கும் ஒரு சமூகத்தில் நடந்தது இது. ஆயினும் அந்தப் பாசம் நீதியை வளைக்கவில்லை. மக்ஸூம் கோத்திரத்தைச் சேர்ந்த உயர்குடிப் பெண்ணொருத்தி திருடியபோது, சிபாரிசு செய்ய வந்தவரிடம், முஹம்மதின் மகள் பாத்திமா திருடியிருந்தாலும் இதே தண்டனைதான் என்ற கருத்தில் நபியவர்கள் கடுமையாகப் பதிலளித்தார்கள். தம் செல்வத்திலிருந்து விரும்பியதைக் கேட்கலாம், மறுமையில் தம்மால் எதுவும் செய்ய இயலாது என்று மகளின் பெயர் சொல்லி அழைத்தே பிரகடனம் செய்தார்கள். இப்பெயரை வைத்தால் போதும், பிள்ளை ஈடேறிவிடுவாள் என்று நம்பும் பெற்றோர் இந்த இரு ஹதீஸ்களையும் அப்பெயரோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நபியவர்கள் வபாத்தாகி ஆறு மாதங்களில், ஹிஜ்ரி 11இல் அவர்களும் இறையடி சேர்ந்தார்கள்.

யுவதிகளே, நபித்தோழியரிடையே இருந்த வேறு சில பாத்திமாக்களை உங்களுக்கு அறிமுகப்படுத்துவது அவசியம் என்று கருதுகின்றேன். ஏனெனில் அவர்கள் கேள்வி கேட்டவர்கள். பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) தொடர் உதிரப்போக்கினால் அவதியுற்றவர். தூய்மையாகவே முடியவில்லையே, தொழுகையை விட்டுவிட வேண்டுமா என்று நபியவர்களிடமே வந்து கேட்டார். அது மாதவிடாய் அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது. மாதவிடாய் நாட்களில் தொழுகையை விட்டு, அவை முடிந்ததும் குளித்துத் தொழ வேண்டும் என்று விடை கிடைத்தது. ஹைளு, இஸ்திஹாளா பற்றிய பிக்ஹுச் சட்டங்களில் பெரும் பகுதி அந்தக் கேள்வியின் மீது எழுந்தது. அவர் வெட்கத்தால் வாய்மூடி இருந்திருப்பாராயின், எத்தனை பெண்கள் காரணமின்றித் தொழுகையை இழந்திருப்பார்கள்! இன்று நம் மகள்மார் இத்தகைய ஐயத்தை உம்மாவிடமாவது கேட்க முடிகின்றதா?

பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்களின் வரலாறு இன்னும் சுவையானது. கணவர் இறுதித் தலாக்கைச் சொல்லிவிட்டார். ஜீவனாம்சம் பற்றிக் கேட்க நபியவர்களிடம் சென்றார். இத்தா முடிந்தபின் முஆவியா, அபூ ஜஹ்ம் ஆகிய இருவர் பெண் கேட்டதையும் மறைக்காமல் சொன்னார். ஒருவர் வறியவர், மற்றவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நபியவர்கள் வெளிப்படையாக விளக்கி, உஸாமாவை மணமுடிக்குமாறு ஆலோசனை கூறினார்கள். முதலில் அவருக்கு விருப்பமில்லை, பின்னர் ஏற்றுக்கொண்டார், அதில் நன்மையைக் கண்டதாகப் பிற்காலத்தில் தாமே சொன்னார். பெண் கேட்டு வந்தவரின் குறையைப் பெண்ணிடம் மறைப்பது நம் ஊர்களில் மார்க்கப்பற்றுள்ள குடும்பங்களிலும் நடக்கின்றது. மறைக்காமல் சொல்வதே ஸுன்னா என்பது இந்த ஹதீஸிலிருந்து விளங்குகின்றது.

அவரது கதை அத்துடன் முடியவில்லை. மீட்ட முடியாத தலாக் சொல்லப்பட்ட, கர்ப்பிணியல்லாத பெண்ணுக்குச் செலவுத்தொகையும் இல்லை, உறைவிடமும் இல்லை என்று நபியவர்கள் தமக்குத் தீர்ப்பளித்ததாக அவர் அறிவித்தபோது, கலீபா உமர் (ரழி) அவர்கள் அதனை ஏற்கத் தயங்கினார்கள். பின்னர் மதீனாவின் ஆளுநர் மர்வான் அதை மறுத்தபோது, நமக்கிடையே குர்ஆன் இருக்கின்றது என்ற கருத்தில், வசனத்தை எடுத்துக்காட்டி அவர் வாதிட்டார். விளைவு என்ன தெரியுமா? இமாம் அஹ்மத் அவருடைய அறிவிப்பை முழுமையாக எடுத்தார். நம் நாட்டில் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில் உறைவிடம் உண்டு, செலவுத்தொகை இல்லை என்றும், ஹனபி மத்ஹபில் இரண்டும் உண்டு என்றும் கொள்ளப்பட்டது. நான்கு மத்ஹப்களின் இமாம்களும் தலாக் பாடத்தில் ஒரு பாத்திமாவின் சொல்லை எடைபோடாமல் கடந்து செல்ல முடியவில்லை.

உமர் (ரழி) அவர்களின் சகோதரியும் ஒரு பாத்திமாவே. வாளுடன் வந்த அண்ணன் அறைந்து இரத்தம் வழிந்தபோதும், தாம் முஸ்லிமாகிவிட்டதை மறைக்காமல், சுத்தமாகி வரும்வரை குர்ஆன் ஏட்டைக் கையில் தர மறுத்தார் என ஸீரா நூல்கள் கூறுகின்றன.

பிற்காலத்தில் இப்பெயர் உலமாக்களின் வீடுகளில் தொடர்ந்தது. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாத்திமா அஸ்ஸமர்கந்தியா, துஹ்பத்துல் புகஹா என்னும் ஹனபிச் சட்டநூலை எழுதிய அலாவுத்தீன் அஸ்ஸமர்கந்தியின் மகள். தந்தையின் நூலை அவர் மனனமிட்டிருந்தார். வீட்டிலிருந்து வெளியாகும் பத்வாக்களில் தந்தையின் கையொப்பத்துடன் மகளின் கையொப்பமும் இருக்கும். அரசர்கள் பெண் கேட்டும் தந்தை சம்மதிக்கவில்லை. அவரது மாணவர் அல்காஸானி, ஆசிரியரின் நூலுக்கு பதாஇஉஸ் ஸனாஇஃ என்ற விரிவுரையை எழுதிக் கொண்டுவந்தபோது, அந்த நூலையே மஹராகக் கொண்டு மகளை மணமுடித்துக் கொடுத்தார். பின்னர் பத்வாக்களில் மூன்று கையொப்பங்கள் இடம்பெற்றன. கணவர் பத்வாவில் தவறினால் மனைவி திருத்துவார், அவர் ஏற்றுக்கொள்வார். ஹலப் நகரில் ஹிஜ்ரி 587இல் மறைந்த காஸானியின் நூல் இன்றும் அரபு மத்ரஸாக்களில் புரட்டப்படுகின்றது. சீதனப் பட்டியலோடு நிக்காஹ் பேசும் நம் ஊர்களில் இந்த மஹரைப் பற்றிப் பேசினால் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும்.

மொரோக்கோவின் பாஸ் நகரில் ஹிஜ்ரி 245இல், அதாவது 859இல், தமக்குக் கிடைத்த வாரிசுச் சொத்தைக் கொண்டு கரவிய்யீன் பள்ளிவாசலைக் கட்டியவராகப் பாத்திமா அல்பிஹ்ரி புகழப்படுகின்றார். அப்பள்ளிவாசல் காலப்போக்கில் பெரும் கல்விநிலையமாயிற்று. இவ்வரலாற்றை எழுதியவர் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பதால், அதன் நுணுக்கங்களில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வாரிசுச் சொத்து ஒரு பெண்ணின் கைக்கு முழுமையாக வந்து சேர்ந்தது என்பதை மட்டும் அன்றைய மக்கள் யாரும் வியப்பாகக் கருதவில்லை.

இப்பெயர் சென்ற நாடுகள் எத்தனை! துருக்கியில் பத்மா, பதிமே, ஈரானில் பாத்திமே, வங்காளத்தில் பதெமா, சுவாஹிலி மொழியில் பத்துமா, சோமாலியாவில் பாதுமோ, செனகலில் பத்து, மாலியிலும் கினியாவிலும் பத்துமாத்தா, மலாய் மக்களிடையே சித்தி பாத்திமா. ஷீஆக்கள் பெரும்பான்மையாக வாழும் ஈரானிலும், ஸுன்னிகள் பெரும்பான்மையாக வாழும் துருக்கியிலும் பல தலைமுறைகளாக முன்வரிசையில் நின்ற பெண்பெயர் இதுவே. 909 முதல் 1171 வரை வட ஆபிரிக்காவிலும் எகிப்திலும் ஆண்ட அரசமரபு தன்னைப் பாத்திமிய்யா என்றே அழைத்துக்கொண்டது. அவர்கள் கெய்ரோவில் கட்டிய அல்அஸ்ஹர் என்னும் பெயரும் அஸ்ஸஹ்ராவை நினைவூட்டி வைக்கப்பட்டது என்பதே பரவலான கருத்து. போர்த்துக்கல்லில் பாத்திமா என்றொரு ஊர் உண்டு. முஸ்லிம்கள் அங்கு ஆண்ட காலத்தின் எச்சம் அப்பெயர். 1917இல் அங்கே மூன்று இடைச் சிறார்களுக்கு மர்யம் அன்னை காட்சியளித்ததாகக் கத்தோலிக்கர் நம்புகின்றனர். அதனால் நம் நாட்டிலும் பாத்திமா மாதா தேவாலயங்கள் உண்டு. அப்பெயருடைய கத்தோலிக்கச் சகோதரிகளும் உண்டு.

ஒரு கசப்பான செய்தியையும் சொல்ல வேண்டியுள்ளது. அல்ஜீரியாவை 1830 முதல் 1962 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் பேச்சுவழக்கில், வீட்டு வேலைக்கு வரும் எந்த முஸ்லிம் பெண்ணும் பத்மாதான். அவளுடைய சொந்தப் பெயர் ஸைனபாக இருக்கலாம், கதீஜாவாக இருக்கலாம். கேட்பதற்கு எவருக்கும் அக்கறையில்லை. எல்லோருக்கும் ஒரே பெயர் என்றாகும்போது, அந்தப் பெயர் எவருக்கும் உரியதல்லாமற் போய்விடுகின்றது. ஆட்சியாளர் இழிவாகக் கருதிச் செய்ததை நாம் அன்பினால் செய்துகொண்டிருக்கின்றோமோ என்று எனக்குச் சில வேளைகளில் தோன்றும். நம் பெண்மக்கள் எல்லோரையும் பாத்திமா என்று பதிந்துவிட்டு, ஒருவரையும் பாத்திமா என்று கூப்பிடாமல் விட்டோமே!

தமிழ் பேசும் முஸ்லிம்களின் பழைய வழக்கம் இவ்வாறு இருக்கவில்லை. தமிழில் எப் என்ற ஒலி இல்லாததால் பகரத்தை வைத்து, வாய்க்கு வசதியாகப் பாத்துமா என்றும், உம்மா சேர்த்துப் பாத்தும்மா என்றும், பாத்துமுத்து என்றும், பாத்திமா நாச்சியா என்றும், பாத்திமா பீவி என்றும் அழைத்தார்கள். உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தில் பாத்திமா திருமணப் படலம் என்றொரு படலமே பாடியுள்ளார். உங்கள் மூத்தம்மாவின் பெயர் பாத்தும்மா என்றால் அது கொச்சைப் பெயரென்று நாணாதீர்கள். முழுப் பெயராகவே அவர்கள் அதை வாழ்ந்தார்கள். ஊரே அப்பெயரால் அவர்களை அழைத்தது.

நமக்கு அண்மையில் வாழ்ந்த ஒருவரையும் குறிப்பிடுகின்றேன். கேரளத்தின் பத்தனம்திட்டையில் 1927இல் பிறந்த பாத்திமா பீவி, மகள் சட்டம் படிக்க வேண்டும் என்ற தந்தையின் தூண்டுதலால் சட்டக் கல்லூரிக்குச் சென்றார். 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். 2023இல் மறைந்தார். அவருடைய முதலெழுத்து எம். பாத்திமா என்பதை அவர் சுருக்கவில்லை.

ஆகவே பெற்றோர்களே, ஏழாம் நாள் அகீகாவின்போது பெயர் சூட்டுவதற்கு முன் சற்று ஆலோசியுங்கள். பாத்திமா என்று வைக்க விரும்பினால் அதையே அழைக்கும் பெயராக வைப்பதில் குறையொன்றுமில்லை. பின்னால் இன்னொரு பெயர் வேண்டுமென்றால், ஓசைக்காக எழுத்துக்களைக் கோத்து உண்டாக்கிய பொருளற்ற சொல்லாக அது இருக்க வேண்டாம். இரண்டு பெயர்களின் பொருளையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். ஏற்கெனவே எப். என்ற எழுத்தோடு வளர்ந்துவிட்ட மகளிடம், வாரத்தில் ஒரு நாளாவது மேலே சொன்ன பாத்திமாக்களில் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள். பின்த் கைஸைப் பற்றிப் பேசும்போது அவள் எதிர்க்கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள்.

பதிவு விடயத்திலும் கவனம் தேவை. பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், தேசிய அடையாள அட்டையில் வேறுவிதமாகவும், கடவுச்சீட்டில் மற்றொரு விதமாகவும் இப்பெயர் எழுதப்படுவதால் பரீட்சை விண்ணப்பத்திலிருந்து உம்ரா விஸா வரை அலைச்சல் ஏற்படுகின்றது. ஆங்கிலத்தில் ஒரு ஏயா இரண்டு ஏயா, டீக்குப் பின் எச் வேண்டுமா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றது. அரபு உச்சரிப்பைக் கருதினால் அந்த எச் தேவையில்லை. ஆனால் நம் நாட்டில் தகர ஒலிக்கு அதைச் சேர்த்தெழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. எதை எழுதினாலும், குழந்தையின் முதல் பத்திரத்தில் எழுதியதையே கடைசிவரை எழுதுங்கள். காணி உறுதியில் பாத்தும்மா என்றும் அடையாள அட்டையில் பாத்திமா என்றும் இருக்கும் மூதாட்டிமார் பல குடும்பங்களில் உள்ளனர். அவ்விரு பெயர்களும் ஒருவருடையவையே என்பதைச் சொல்லத்தக்க மூத்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே, அதைக் கேட்டு எழுதி, பத்திரங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.